காலிக் கோட்டையில் இரண்டு நாள்

‘காலி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒன்றுமில்லாத பாத்திரமோ, ஆளில்லாத வீடோதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், இலங்கைத் தீவின் தென்மேற்குக் கரையில் இதே பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகப் பட்டினம், ஒரு காலத்தில் அரபுக் கப்பல்களும் சீனக் கப்பல்களும் ஐரோப்பியக் கப்பல்களும் அடுத்தடுத்து வந்து நங்கூரம் பாய்ச்சிய இடமாகும். என் பாட்டனார் தம் இளமையில் சில ஆண்டுகள் அவ்வூரின் கடையொன்றில் கணக்கெழுதியவர். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கொழும்பு சென்று, பின் தெற்கு நோக்கிப் பயணமாவாராம். “மதிலின்மேல் நின்றால் மூன்று பக்கமும் கடல், நான்காவது பக்கம்தான் ஊர்” என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தனுஷ்கோடி 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்துபோயிற்று. பாட்டனாரும் மறைந்துவிட்டார். அவர் சொன்ன மதிலை மட்டுமாவது பார்த்துவர வேண்டும் என்ற ஆவல், பல ஆண்டுகள் கழித்து, மனைவி மக்களோடு நிறைவேறியது. அல்ஹம்து லில்லாஹ்!

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. 2011-இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் பேருந்தில் சென்றால் நேரம் மிச்சமாகும். ஆனால், கடலைக் காண முடியாது. நேரத்தைவிடக் கடலே பெரிதென்று கருதுவோர் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயிலேற வேண்டும். போகும்போது வலப்பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கும் அலைகளுக்கும் இடையே சில இடங்களில் ஒரு வரிசைத் தென்னைதான் இருக்கிறது. அலை சன்னல் வழியே வந்துவிடுமோ என்று என் இளைய மகள் கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய அச்சத்தைக் கண்டு நான் சிரித்தேன். ஆனால், ஹிக்கடுவையை நெருங்கும்போது பெரலிய என்னும் சிற்றூர் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, இதே பாதையில் சென்றுகொண்டிருந்த ரயில் ஒன்றை இவ்விடத்தில்தான் ஆழிப்பேரலை கவிழ்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலக ரயில் விபத்துகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. அங்கே நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருக்கிறது. எதிரே அமர்ந்திருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் அவ்விடம் கடக்கும்வரை தலைகுனிந்திருந்தார். நாங்களும் அப்படியே இருந்தோம்.

காலி நிலையத்தை விட்டு வெளியே வந்தால், கோட்டைக்கு வண்டி தேவையில்லை, நடந்தே போகலாம். முதலில் கண்ணில் படுவது பேருந்து நிலையம். அதற்கப்பால் கிரிக்கெட் மைதானம். அதற்குப் பின்னே கறுத்த பெரிய மதில். அந்த மதிலின் மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். 2004-இல் கடல் பொங்கியபோது மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் மைதானமும் நீரில் மூழ்கின. மதிலுக்குள் இருந்த ஊரோ பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. ஒல்லாந்தர் எதிரிகளின் பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய சுவர், மூன்று நூற்றாண்டுக்குப் பின் கடலைத் தடுத்து நின்றிருக்கிறது!

மைதானம் என்றதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்தது. முத்தையா முரளிதரன் தம் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியது இங்கேதான். 2010-ஆம் ஆண்டு ஜூலையில், இந்திய அணிக்கு எதிராக. ஆட்டம் நடக்கும் நாள்களில் கோட்டை மதிலின்மேல் ஏறி நின்றே பலரும் பார்ப்பார்களாம். நாங்கள் போன நாளில் ஆட்டமில்லை. இரண்டு மாடுகள்தாம் மதிலோரப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன.

கோட்டைக்குள் நுழைய இரு வாயில்கள் உள்ளன. பெரிய வாயில் ஆங்கிலேயர் 1873-இல் போக்குவரத்துக்காகத் திறந்தது. துறைமுகப் பக்கமாக இருக்கும் பழைய வாயிலே பார்க்கத் தக்கது. வெளியிலிருந்து நோக்கினால் அதன் உச்சியில் பிரிட்டிஷ் அரச முத்திரை இருக்கும். உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை இருக்கும். இருபுறமும் சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. போர்த்துக்கீசர் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு சிறு கோட்டை கட்டினர். 1640-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பெரிதாக்கினர். 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மூன்று அரசுகளின் கதையை ஒரே வாசலின் இருபுறமும் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம், பாடநூல் வேண்டியதில்லை.

வாயிலை ஒட்டிய ஒல்லாந்தர் பண்டகசாலையில் கடல்சார் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1659-இல் இதே துறைமுகத்தில் மூழ்கிய ‘ஆவொண்ட்ஸ்டர்’ என்ற ஒல்லாந்துக் கப்பலைப் பற்றி இங்கே அவசியம் கேட்டறியுங்கள். நங்கூரமிட்டு நின்ற கப்பல், துறைக்குள்ளேயே மூழ்கியது! காலித் துறைமுகத்தின் இயல்பு அதிலிருந்தே விளங்கும். கிழக்கு மதிலின்மேல் நின்றால் வளைகுடா முழுதும் தெரிகிறது, எதிரே உருமஸ்ஸல மலை, நடுவே நீலநீர். பார்வைக்கு அமைதி. நீருக்கடியிலோ பாறைகள். பருவக்காற்று வீசும் காலத்தில் கப்பல்களுக்கு இங்கே போதிய மறைவுமில்லை. எனினும், 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ள இங்கேதான் வந்தன. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை 1875-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் முடிந்தது. அதன்பின் கப்பல்களெல்லாம் அங்கே திரும்பிவிட்டன. இன்று காலித் துறையில் மீன்பிடிப் படகுகளையும், கடற்படைக் கலங்களையும், உலகைச் சுற்றும் வெள்ளைக்காரரின் சிறு பாய்ப்படகுகளையும் காணலாம். கப்பல்கள் போனதால் ஊர் வளரவில்லை. வளராததால் பழைமை பிழைத்தது. 1988-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

நம்மவர்கள் இத்துறையோடு கொண்ட தொடர்பு ஐரோப்பியருக்கு முற்பட்டது. 1344-இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தென்முனையிலிருந்த தீனவர் என்னும் ஊரைக் கண்டபின் ‘காலி’க்கு வந்ததாகவும், அங்கே நாகுதா இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தமக்கு விருந்தளித்ததாகவும் எழுதியிருக்கிறார். அவர் சிறு ஊர் என்று குறித்த இடம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. 1911-ஆம் ஆண்டு இவ்வூரில் ஒரு சாக்கடையை மூடியிருந்த கல்லைப் புரட்டியபோது, அதில் எழுத்துகள் காணப்பட்டன. சீனத்து மாலுமித் தலைவர் செங் ஹெ கொண்டுவந்து நாட்டிய கல்வெட்டு அது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. செங் ஹெ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்கலாம். கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிலிருந்த தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று தரப்பாருக்கும் வழங்கிய காணிக்கைகளின் பட்டியலும் உண்டு. இத்துறையில் வணிகம் செய்ய வந்த ஒருவன் எந்தெந்த மொழிகளில் பேசவேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? கல் இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. காலிக்கு வருமுன் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நான் திரும்பும்போதுதான் பார்த்தேன். முன்பே பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

மதிலைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால், கடற்காற்று நம்மை விடாது. நாங்கள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டோம். தென்கிழக்கு மூலையில், தென்னைகளுக்கு நடுவே, 1939-இல் கட்டப்பட்ட வெண்ணிறக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. உயரம் சுமார் 26 மீட்டர். அதற்கு நேரெதிரே, தெருவுக்கு அப்பால், மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். முன்முகப்பில் இரு கோபுரங்களுடன் அது நிற்கும் தோற்றத்தைக் கண்டு மாதா கோயிலென்று எண்ணிவிடும் பயணிகள் பலர். அருகே சென்று அரபு எழுத்துகளைப் பார்த்தபின்தான் தெளிகிறார்கள். உள்ளே ஹவ்ளின் குளிர்ந்த நீரில் ஒளூச் செய்து லுஹர் தொழுதபோது, கடலலையின் ஓசை ஒவ்வொரு ஸஜ்தாவிலும் தரைவழியே காதில் விழுந்தது. என் பாட்டனாரும் இதே தரையில் நெற்றி வைத்திருப்பார்.

தொழுகை முடிந்து வெளியே வந்தேன். மனைவியும் பிள்ளைகளும் எதிர்நிழலில் காத்திருந்தனர். வெண்தாடிப் பெரியவர் ஒருவர் எங்களை நோக்கி ஸலாம் சொல்லி, “வெயில் கடுமையா ஈக்கிது. புள்ளையள வச்சிக்கிட்டு றோட்டுல நிக்க வாணாம். ஊட்டுக்கு வாங்க” என்றார். அறிமுகமில்லாதவர், பெயர்கூடக் கேட்கவில்லை. தமிழ் காதில் விழுந்ததும் எங்கள் கால்கள் தாமாகவே அவர் பின்னால் நடந்தன.

வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. முன்னால் தூண்கள் வைத்த விறாந்தை; உள்ளே உயர்ந்த கூரையும் தடித்த சுவர்களும் கொண்ட கூடம்; அதற்குப் பின்னே வானம் பார்த்த முற்றம். வெளியே கொளுத்திய வெயில் உள்ளே எட்டிப் பார்க்கவேயில்லை. என் மனைவி உள்ளறையில் தொழுதாள். பெரியவரின் பேத்தி அடுக்களையை நோக்கி, “தாத்தா! தண்ணி கொண்டு வாங்க” என்று குரல் கொடுக்க, என் மகன் யாரோ முதியவர் வரப்போகிறார் என்று எழுந்து நின்றான். வந்தது பதினேழு வயதுப் பெண்! இங்கே அக்காவைத் தாத்தா என்றும், அண்ணனை நானா என்றும் அழைப்பது வழக்கம். வீட்டில் தமிழ், வெளியே சிங்களம், மதரஸாவில் அரபு. அந்தப் பேத்தி மூன்றையும் ஒரே மூச்சில் பேசினாள். நாகுதா இப்ராஹீமின் காலம் முதல் துறைமுகத்தில் வாழ்ந்தவர்களின் நாவு அப்படித்தான் இருந்திருக்கும் போலும்.

கோட்டைக்குள் ‘பெட்லர் தெரு’ என்று ஒன்று உண்டு. சில்லறைப் பண்டம் விற்போர் தெரு என்பது பொருள். ஒல்லாந்தர் காலத்தில் அதன் பெயரே ‘சோனக வணிகர் தெரு’ என்பதாம். பெரியவர் சொன்னார்: “எங்கட வாப்பா காலத்துல, மஃரிபுக்கு வாங்கு சொன்னா தெருவெல்லாம் கதவு தொறக்கிற சத்தம் கேக்கும். இப்ப எங்கட கதவு மட்டுந்தான்.”

மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். பதில் நீளமாக வந்தது. சுருக்கமே இங்கு. மரபுச் செல்வமாக அறிவித்தபின் பழைய வீடுகளை இடிக்கவோ மாற்றவோ முடியாது, ஓர் ஓட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும், செலவும் மிகுதி. தந்தை மறைந்தால் மார்க்கச் சட்டப்படி வீடு பல பங்காகும். சுவரைப் பிரித்துக்கட்டவோ சட்டம் விடாது. ஆளுக்கொரு பங்கை விலைகொடுத்து வாங்க எவரிடமும் பணமில்லை. அப்போது தரகர் வருவார். வெளிநாட்டார் கொடுக்கும் விலையைக் கேட்டால் எல்லாப் பங்காளிகளின் கண்ணும் அகன்றுவிடும். விற்ற வீடு சில மாதங்களில் விடுதியாகவோ, சிற்றுண்டிச்சாலையாகவோ, நகைக்கடையாகவோ மாறும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின், சிறப்பாக 2009-இல் போர் முடிந்தபின், இது வேகமாக நடந்தது என்றார்.

குறைகூற எனக்கு வாய் எழவில்லை. விற்றவர்கள் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்; மதிலுக்கு வெளியே மாடிவீடு கட்டினார்கள். வாங்கியவர்களோ, இடிந்து விழவிருந்த கூரைகளை அழகாகச் செப்பனிட்டார்கள். நான் தங்கியிருந்த விடுதியே அப்படி விற்கப்பட்ட ஒரு வீடுதான்! அன்றிரவு அறைக்குத் திரும்பியபோது, சுவரில் ஒரு சிறு மாடம் இருப்பதைக் கண்டேன். விடுதியார் அதில் பூச்சாடி வைத்திருந்தனர். யாருடைய வீட்டில் ஓதும் நூல்கள் வைத்திருந்த இடமோ? பூச்சாடியும் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

பெரியவருக்கும் ஏழு பங்காளிகள். அவர் ஒருவர்தாம் கையொப்பமிடாமல் இருக்கிறார். “நான் மவுத்தானா பொறகு என்ன செய்வாங்களோ, அது அவங்க பாடு” என்றார்.

மாலையில் மதிலுக்குத் திரும்பினோம். அஸருக்குப் பின் ஊரே அங்கு வந்துவிடுகிறது. பர்தா அணிந்த தாய்மாரும், சிங்களக் குடும்பத்தாரும், ஐரோப்பியப் பயணிகளும் ஒரே புல்தரையில் அமர்ந்து அவித்த கடலையும் மாங்காய்க் கீற்றும் தின்கிறார்கள். சிறுவர்கள் பட்டம் விடுகிறார்கள். தென்கோடியிலுள்ள கொடிப்பாறையின்மேல் நின்று, முற்காலத்தில் கப்பல்களுக்குப் பாறைகள் குறித்து எச்சரிக்கை செய்வார்களாம். இப்போது அங்கிருந்து இளைஞர்கள் காசுக்காகக் கடலுக்குள் குதித்துக் காட்டுகிறார்கள். காசு கொடுக்காதீர்கள் என்பேன்; அடியில் கூரிய பாறைகள் உள்ளன; கொடுப்பதுதான் அவர்களைக் குதிக்கவைக்கிறது.

1755-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தேவாலயம், அதன் தரையில் பதித்த கல்லறைக் கற்கள், இப்போது கடைகளாகிவிட்ட பழைய ஒல்லாந்து மருத்துவமனை, பெருமரங்கள் நிழல்தரும் நீதிமன்றச் சதுக்கம் ஆகியவற்றை மறுநாள் காலையில் பார்த்து முடித்தோம். இவற்றைவிட என்னைக் கவர்ந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று: தெருக்களுக்கு அடியில் ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள். கடல்நீரை உள்ளே பாயவிட்டு ஊரின் அழுக்கைக் கழுவும் ஏற்பாடு அது; கொத்தளம் ஒன்றின்மேல் காற்றாலை வைத்து நீரிறைத்தார்களாம். நம் ஊர் நகராட்சிகள் பார்க்க வேண்டிய இடம்!

தாய்மார்கள் தவறவிடக் கூடாதது ‘பீரலு’ என்னும் பின்னல் வேலை. மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, உருளை மெத்தையொன்றில் குண்டூசிகளைக் குத்தி, விரல்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓட, கைப்பின்னல் விளிம்புகள் பிறக்கின்றன. போர்த்துக்கீசர் வழியாக வந்த கலை என்பர். ஒரு சாண் நீளம் பின்ன எவ்வளவு நேரமாகும் என்று கேட்டபின் என் மனைவி பேரம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இரத்தினக் கற்கள் வாங்க விரும்புவோருக்கு ஒரு சொல். காலியின் மாணிக்க வணிகம் நம்மவர்களின் பழந்தொழில். நாணயமானவர்கள் பலர் உண்டு. ஆனால், தெருவில் கைப்பிடித்து அழைத்துப்போகும் இடைத்தரகரைப் பின்தொடர வேண்டாம். நான் பின்தொடர்ந்தேன். ‘நீலக்கல்’ என்று வாங்கிய சிறு கல்லைக் கொழும்பில் காட்டியபோது கண்ணாடி என்றார்கள். விலை குறைவுதான், வெட்கம்தான் அதிகம். அரசின் மாணிக்கக்கல் அதிகாரசபை கல்லைச் சோதித்துத் தருகிறது. சோதனைக்கு ஒப்பாத வணிகரிடம் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

கழியின்மேல் அமர்ந்து மீன்பிடிப்போரைக் காண அஹங்கமை, கொக்கலைப் பக்கம் பலர் போகிறார்கள். இன்று அவர்களுட் பெரும்பாலோர் மீனுக்காக அல்ல, படமெடுப்போர் தரும் பணத்துக்காகவே அமர்ந்திருக்கிறார்கள். அதைவிடக் காலையில் கோட்டைக்கு வெளியே கடற்கரைச் சாலையோரம் மீன் விற்குமிடத்துக்குப் போங்கள். சூரையும் பாரையும் இரத்தம் சொட்டச் சொட்ட வந்திறங்குவதைக் காணலாம். குளிப்பதற்கு உணவட்டுனைக் கடற்கரை அண்மையில் உள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல்வரை கடல் அடங்கியிருக்கும். மே முதல் செப்டம்பர்வரை பருவக்காற்றின் சீற்றம். பிள்ளைகளை நீரிலிறக்க வேண்டாம். ஹலால் உணவுக்குக் குறைவில்லை. கொத்து ரொட்டி தட்டும் ஓசை இரவில் தெருமுனைவரை கேட்கும்.

புறப்படும் நாளில் விடைபெறப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய மனைவி ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய வட்டிலப்பம் வைத்துக் காத்திருந்தார். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் சேர்த்து ஆவியில் வேகவைத்த இனிப்பு. மலாய் மக்களிடமிருந்து வந்ததென்பர். இலங்கையில் வட்டிலப்பமின்றி நோன்புப் பெருநாள் இல்லை. “ரயில்ல புள்ளையளுக்குக் குடுங்க மகன். டப்பாவைத் தபால்ல அனுப்ப வாணாம். நீங்களே கொண்டு வந்து தாங்க” என்றார் அந்த அம்மையார்.

வட்டிலப்பம் ஹிக்கடுவை வருமுன்னரே தீர்ந்துவிட்டது. டப்பா எங்கள் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. சென்ற மாதம் தொலைபேசியில் பெரியவரிடம் பேசினேன். தரகர் மறுபடியும் வந்துபோனாராம். இம்முறை மூத்த மகனையும் அழைத்து வந்தாராம். “இன்னும் ஒப்பம் வக்கல்ல” என்றார். பிள்ளைகளுக்கு ஏப்ரலில் விடுமுறை. பருவக்காற்று தொடங்குமுன் ஒருமுறை போய்வர வேண்டும், இன்ஷா அல்லாஹ்.